உடல்தகு சுமை: இலைவெட்டி எறும்புகளுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பெரிய இலைவெட்டி எறும்பு பெரிய துண்டையும் சிறியது சிறிய துண்டையும் தூக்கிச் செல்லும் இயல்புக்கு, இந்த எறும்புகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றில் 'சுமை ஒப்பீடு' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒப்பிடுவது என்றால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. இலை வெட்டும் எறும்பு செய்வது வேறு.

அது பின்னங்கால்களால் இலையின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. பிடியை விடாமல் உடலைச் சுழற்றியபடியே தாடையால் வளைவாக அறுத்துக்கொண்டு போகிறது. கவராயத்தின் ஊசிமுனை பின்னங்கால், பென்சில்முனை தாடை. உடல் நீண்டதானால் வளைவும் அகலும். சாணும் முழமும் நம் கையில் பிறந்தவை. இந்த வெட்டும் அதே வழிதான். 'எறும்பும் தன் கையால் எண்சாண்' என்ற பழமொழி உடனே நினைவுக்கு வர, 'தன்னளவுச் சுமை' என்று எழுதி மிகவும் மகிழ்ந்தேன்.

ஆனால் அது முழுதும் நிற்கவில்லை. ஆட்டா (Atta) என்ற இலைவெட்டி எறும்புப் பேரினத்தின் புல் வெட்டும் இனத்தில் ஓர் எறும்பு வெட்டியதை இன்னொன்று சுமக்கிறது. பாதையில் துண்டு கைமாறுவதும் உண்டு. சுமப்பது தன் அளவால் வெட்டியதல்ல. கால் வைக்கும் இடத்தையும் நீட்டத்தையும் மாற்றி, வெட்டையே சிறிதாக்கவும் எறும்பால் முடியும். எனவே வெட்டும் முறைக்குத் 'தன்னளவு வெட்டு' என்றும், சுமைக்கும் உடலுக்கும் உள்ள இசைவுக்கு 'உடல்தகு சுமை' என்றும் இரண்டாகப் பிரிக்கலாம்.

'தகு' வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்குகிறது. 'சமச்சுமை', 'நிகர்ச்சுமை' என்றால் அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும். 'தகு' சமம் என்று சொல்வதில்லை. ஏற்றது என்று மட்டும் சொல்கிறது. புணர்ச்சி விதிப்படி 'உடற்றகு' என்று வர வேண்டும்; மாணவர் வாசித்துத் திணறுவார் என்பதால் புணர்க்காமலே எழுதியிருக்கிறேன். ஆய்வாளர்கள் பெரும்பாலும் தலையின் அகலத்தைத்தான் அளக்கிறார்கள். அதற்காகச் சொல்லில் 'தலை' வர வேண்டியதில்லை. அளவுகோல் வேறு, அளக்கப்படுவது வேறு.

இன்னொன்று. 'சுமை ஒப்பீடு' வரும் அதே கட்டுரையில் 'இரைதேடல்' என்று வருவதையும் மாற்ற வேண்டும். இலை இந்த எறும்புகளுக்கு இரையல்ல. கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சைக்கு அவை இடும் உரம் போன்றது. 'இலைகொணர்தல்' என்று எழுதலாம். சுமக்கும் துண்டின் மேல் ஏறி வந்து ஒட்டுண்ணி ஈக்களை விரட்டும் குட்டி எறும்புகளுக்கு 'இலையேறி' என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.