பொருள்: ‘பைலேட்டரல் டெஃபிசிட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

உடலியக்கவியல் கலைச்சொல் பட்டியலில் இந்தச் சொல் இன்னும் நிலுவையில் இருக்கிறது. முன்பு இட்ட ‘இருபக்கக் குறைபாடு’ ஏதோ நோயின் பெயர் மாதிரி ஒலிக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: வலக்காலால் மட்டும் முழு பலத்தோடு உதைத்த விசையையும் இடக்காலால் மட்டும் உதைத்த விசையையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரு காலாலும் சேர்ந்து உதைத்தால் பெரும்பாலோருக்கு அந்தக் கூட்டுத்தொகை வராது. கையிலும் இப்படித்தான், 1961இல் ஆய்வாளர்கள் ஹென்றியும் ஸ்மித்தும் கைப்பிடி விசையில் இதைக் காட்டினார்கள். எனவே ‘இருகால்’ என்று தொடங்க முடியாது.

என் முன்மொழிவு: இருபுறப் பற்றாக்குறை.

-----

> என் முன்மொழிவு: இருபுறப் பற்றாக்குறை.

ஐயா, ‘பற்றாக்குறை’ என்றால் தேவைக்குப் போதவில்லை என்று ஆகிறது. இங்கே தேவை என்று ஒன்றுமில்லை, ஒப்பீடுதான். எதிர்நிலைக்கும் சொல் வேண்டும்: இரு காலும் சேர்த்தே பழகும் பளுதூக்குவோரிடம் சேர்ந்த விசை கூட்டுத்தொகையை மிஞ்சுவதுண்டு. அதை ‘உபரி’ என்றால் பட்ஜெட் உரை ஆகிவிடும். ‘இருபுற’ என்பதும் ஆபத்து. வலது, இடது கால்களுக்கு இடையிலான வலிமை வித்தியாசத்தோடு பிசியோதெரபி மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்.

ஒரு காலால் செய்வது தனிமுயற்சி, இரண்டாலும் செய்வது இணைமுயற்சி என்று வைப்போம். (‘கூட்டுமுயற்சி’ வேண்டாம், அது வணிகத்துக்குப் போய்விட்டது.) இணைமுயற்சி அளவை இரு தனிமுயற்சிகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்கி, 100ஐக் கழித்தால் இணைமுயற்சி எண். இரு காலில் 40 செ.மீ., ஒவ்வொரு காலிலும் 23 செ.மீ. குதித்தால் 40/46, எண் −13. கழித்தல் வந்தால் இணைமுயற்சிக் குறைவு, கூட்டல் வந்தால் இணைமுயற்சி மிகை.

-----

> கழித்தல் வந்தால் இணைமுயற்சிக் குறைவு

இதை ஆதரிக்கிறேன். சிலர் தனிமடலில் கேட்ட ‘இருபுற நரம்புத்தடை’யை ஏற்க முடியாது. அது காரணத்தையே பெயராக்குகிறது; காரணமோ ஒன்றல்ல. அசையாத மேடையை உதைக்கும் சோதனையில் நரம்புத் தூண்டல் குறைவதைச் சொல்லலாம். குதிப்பில் கதை வேறு. ஒற்றைக்காலில் முழு உடல் எடையும் அந்தக் காலின்மேல் இருப்பதால் மூட்டுகள் மெதுவாக நிமிர்கின்றன. தசை மெதுவாகச் சுருங்கினால் விசை கூடும். இரு காலில் குதித்தால் காலுக்குப் பாதி எடை, வேகமாக நிமிரும், விசை குறையும். குதிப்பில் தெரியும் குறைவில் பெரும்பகுதி இந்த வேகத்தால் வருவதே.

விளக்கக் குறிப்பில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஸ்குவாட்டில் (தோளில் எடைத்தண்டை வைத்துக் குந்தி எழும் பயிற்சி) பார் எடையை, அதாவது தண்டின் எடையை, மட்டும் வைத்து எண் போட்டால் விடை தலைகீழாகும். 70 கிலோ எடையுள்ளவர் இரு காலில் 100 கிலோவும் ஒவ்வொரு காலில் 30 கிலோவும் தூக்குகிறார் என்று கொள்வோம். 100/60: எண் +67, அபாரமான மிகை! உடல் எடையைச் சேர்த்தால் 170/200, எண் −15. இன்னும் நுட்பமாக வேண்டுமானால் தரையில் ஊன்றிய காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி மேலெழுவதில்லை. காலுக்கு உடல் எடையில் ஏறத்தாழ 6% கழிக்கலாம். அப்போது −16க்கு அருகில் வரும். லெக் பிரஸ்ஸில் (உட்கார்ந்தபடி எடை ஏற்றிய மேடையைக் காலால் தள்ளும் கருவி) உடல் எடை தொந்தரவு இல்லை, ஆனால் தட்டுகளோடு சறுக்குமேடையின் எடையையும் கூட்ட மறக்கிறார்கள்.

ஒற்றைக்கால் குதிப்பில் சும்மா இருக்கும் காலை வீசினால் உயரம் கூடி, இல்லாத குறைவு தோன்றும். கை இடுப்பில், மடக்கிய கால் அசையாமல் இருக்க வேண்டும். இரு கால் குதிப்பை எப்போதும் கடைசியில் வைத்தாலும் களைப்பு அதே வேலையைச் செய்யும். வரிசையை மாற்றி மாற்றி வைக்கவும்.

ஒரே திருத்தம்: தலைச்சொல்லாக ‘இணைமுயற்சி எண்’ இருக்கட்டும், குறைவும் மிகையும் அதன்கீழ் உட்பதிவுகளாக வரட்டும். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.