மறுமொழி: 'பிரேசல் வெர்ப்' – கூட்டுவினையா, இடைச்சொல்வினையா?

ஆங்கிலத்தில் 'டர்ன் ஆஃப்', 'கிவ் அப்' போல ஒரு வினையும் 'அப்', 'ஆஃப்' போன்ற ஒரு சிறுசொல்லும் சேர்ந்து ஒரு வினையாக நிற்பதுதான் 'பிரேசல் வெர்ப்'. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'கூட்டுவினை' என்றே வைத்துக்கொள்ளலாமே? இரண்டு சொல் கூடித்தானே வருகிறது?

வேண்டாம் ஐயா, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. 'கைவிடு', 'கூப்பிடு' போன்றவற்றைத்தான் கூட்டுவினை என்கிறோம். அவை ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டவை. ஆங்கிலத்தில் உள்ளவை ஒட்டியும் நிற்கும், விலகியும் நிற்கும். விளக்கை அணைக்கச் சொல்ல 'டர்ன் ஆஃப் த லைட்' என்றாலும் சரி, 'டர்ன் த லைட் ஆஃப்' என்றாலும் சரி. விளக்குக்குப் பதில் 'இட்' வந்தாலோ 'டர்ன் இட் ஆஃப்' ஒன்றுதான் வழி.

> 'முன்னிடைச்சொல் வினை' எப்படி?

நெருங்கிவிட்டீர்கள் அம்மா. முன்னிடைச்சொல் என்பது பெயருக்கு முன்னால் வரும் 'பிரிப்போசிஷன்'; அதனால் 'முன்' மட்டும் இடிக்கிறது. 'ரேன் அப் எ ஹில்' என்றால் குன்றில் ஏறி ஓடினான். 'ரேன் அப் எ பில்' என்றால் பாக்கியை ஏறவிட்டான். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முதலாவதில் 'அப்' குன்றோடு சேர்ந்த முன்னிடைச்சொல். இரண்டாவதில் அது வினையின் ஆள். 'ரேன் இட் அப்' என்று மாற்றிப் பாருங்கள்: பாக்கிக்குப் பொருந்தும், குன்றுக்குப் பொருந்தாது. நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாவதற்கு.

'மரபுத்தொடர் வினை'யும் ஒத்துவராது. 'சிட் டவுன்' என்பதில் மறைபொருள் ஏது? அந்தச் சிறுசொல்லுக்கு ஆங்கிலத்தில் 'பார்ட்டிகிள்' என்று பெயர்; அதை அப்படியே பெயர்த்துத் 'துகள்வினை' என்றால் இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

என் பரிந்துரை 'இடைச்சொல்வினை'. இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும், தனித்து இயங்காது என்கிறது தொல்காப்பியம். இந்த 'அப்', 'ஆஃப்', 'அவுட்' எல்லாம் வினையோடு சேர்ந்து செய்வதும் அதுதான். 1755-இல் வந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் ஓர் இடைச்சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்மொழியாருக்குப் பெருந்தொல்லை என்று எழுதியிருக்கிறார். 'பிரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியது எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய நூலால். பெயரைத் தந்தவர் அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்று ஸ்மித்தே சொல்கிறார். மொழியியலாளர் பலர் இன்று 'பார்ட்டிகிள் வெர்ப்' என்கிறார்கள். 'பிரேசல்' என்பதை அப்படியே பெயர்த்து 'தொடர்வினை' என்று எழுத நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். மாணவர்கள் 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு என்று பட்டியலை நெட்டுருப் போடுகிறார்கள். பெயரிலேயே இடைச்சொல் இருந்தால் கண் அங்கே போகும். 'ட்ரிங்க்' குடி; 'ட்ரிங்க் அப்' குடித்து முடி. 'யூஸ்' பயன்படுத்து, 'யூஸ் அப்' தீர்த்துவிடு. 'டியர்' கிழி, 'டியர் அப்' கிழித்துப்போடு. மூன்றிலும் 'அப்' செய்வது முற்றுப்பெறச் செய்யும் வேலை. தமிழில் அதே வேலையை முடி, விடு, போடு என்ற துணைவினைகள் செய்கின்றன. இது புரிந்த பிள்ளைக்கு 'ஈட் அப்' என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா 'அப்'பும் இப்படி அடங்காதுதான். 'கிவ் அப்'பை மனப்பாடம்தான் செய்தாக வேண்டும்.

> 'புட் அப் வித்' போல மூன்று சொல் வந்தால்?

'பொறுத்துக்கொள்' என்ற பொருளில் வரும் அதில் 'அப்' இடைச்சொல், 'வித்' முன்னிடைச்சொல். அதற்குத் தனிப்பெயர் வேண்டாம். இடைச்சொல்வினையின் கீழ் உட்பிரிவாகப் போட்டால் போதும்.

ஆட்சேபம் உள்ளவர்கள் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். 'நன்றாக ஒலிக்கவில்லை' என்பதை மட்டும் ஆட்சேபமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.