செயல்பாட்டுவாதம்: டூமினின் ஆட்சேபத்துக்கு மறுப்பு எங்கே கிடைக்கும்?

வணக்கம். சமூகவியல் மாணவர்களுக்குச் செயல்பாட்டுவாதம் பற்றிப் பாடம் தயாரிக்கிறேன். ஒவ்வொரு வழக்கமும் அமைப்பும் சமூகம் நிலைத்திருக்க என்ன பணி செய்கிறது என்று பார்க்கும் கோட்பாடு அது. பழைய சரக்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கப் பழங்குடிகளான ஹோபி மக்களின் மழைச் சடங்கைச் சமூகவியலாளர் மெர்ட்டன் 1949இல் விளக்கியதைப் பாருங்கள். மழை வராவிட்டாலும், சிதறிக் கிடப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், குழுவின் பிணைப்பு இறுகுகிறது. மூடநம்பிக்கை என்று கடந்துபோகிறவர் கண்ணில் இது படவே படாது.

சரி, சிக்கல் 1945இல் டேவிஸ், மூர் என்ற இரு சமூகவியலாளர்கள் எழுதிய கட்டுரையில்தான். முக்கியமான பணிகளுக்குத் திறமைசாலிகளை இழுக்க அதிக வெகுமதி வேண்டும், ஆகவே ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது என்கிறார்கள். எந்தப் பணி முக்கியம் என்று எதை வைத்து அளப்பது? 1953இல் சமூகவியலாளர் டூமின் எழுப்பிய இந்த ஆட்சேபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. இதற்கு வலுவான மறுப்பு யாராவது படித்திருக்கிறீர்களா? தமிழில் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும். வகுப்பு அடுத்த வாரம்.