எள்ளுப்பாலின் கைப்பை நீக்க வழி சொல்லுங்கள்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் வசிக்கிறோம். மாட்டுப்பால் குடித்தால் வயிறு ஊதி அவதிப்படும் என் மாமியாருக்காக, எங்கள் காணியில் விளைந்த எள்ளிலிருந்தே பால் எடுக்க ஒரு மாதமாக முயன்று வருகிறேன். ஒரு கோப்பை எள்ளை இரவு முழுவதும் ஊறவைத்து, நான்கு கோப்பை நீர் விட்டு அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிகிறேன். சாம்பல் பூத்த நிறத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு பனங்கற்கண்டு போட்டாலும் அடிநாக்கில் கைப்பு நிற்கிறது. (சக்கையைத் தின்னும் கோழிகளுக்கு அந்தக் குறை இல்லை.)

கைப்புக்கு எள்ளின் கோதில், அதாவது மேல்தோலில், உள்ள ஒக்சலேற்று என்னும் உப்பு ஒரு காரணம் என்பதை அறிவேன். 100 கிராம் முழு எள்ளில் ஏறத்தாழ 975 மில்லிகிராம் கல்சியம் இருந்தாலும், அதன் பெரும்பகுதி கோதிலேயே இருப்பதாலும், ஒக்சலேற்று அதை உடலில் சேரவிடாமல் பிடித்து வைப்பதாலும், கோதை நீக்குவதே நல்லதென்று நினைக்கிறேன். எள்ளுப்பாகுக்குக் கோது போக்கிப் பழகிய அம்மாமார், ஊறிய எள்ளைச் சாக்கில் தேய்ப்பதா, உரலில் மெதுவாக இடிப்பதா, பிறகு சுளகில் புடைப்பதா, உப்புநீரில் இட்டுப் பிரிப்பதா என்று விளக்கமாகச் சொல்வீர்களா?

மற்றொன்று, கொதிக்கும் தேநீரில் ஊற்றியவுடன் இந்தப் பால் திரிந்துவிடுகிறது. பாலை முன்கூட்டியே காய்ச்ச வேண்டுமா, தேநீரைச் சற்று ஆறவிட வேண்டுமா என்பதையும், செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.