சார்ஜ் என்றால் எந்த சார்ஜ்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒட்டப்பட்டிக்காரன்
அரசாங்க ஆபீஸ் ஆட்கள் இங்கே நிறைய இருப்பீர்கள், விளக்கம் வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு துறையில் உதவியாளர். மேலே இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், கூடுதல் பொறுப்பு அண்ணனுக்குத்தான் வரும் என்று தெருவுக்கே தெரியும். ஒரு மத்தியானம் கூட வேலை பார்ப்பவர் வீட்டுக்குப் போன் போட்டு, "அண்ணி, அண்ணனுக்கு சார்ஜ் குடுத்துட்டாங்க" என்றிருக்கிறார். அதோடு சிக்னல் போய்விட்டது. அண்ணி மைசூர்பாகு வாங்கி அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தார். நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நிற்கிறேன், அண்ணன் வண்டியை விட்டு இறங்குகிறார். கையில் பழுப்புக் கவர். உள்ளே 17(ஆ) விதிப்படி சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம்! அண்ணி தட்டை நீட்டி, "முதல்ல வாயில போடுங்க" என்கிறார். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றை எடுத்து மென்றுகொண்டே உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மெல்லுதல் இருக்கிறதே, இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பர்கூர் குவாரி கணக்கு
உங்களுக்கு மைசூர்பாகோடு போயிற்று. எங்கள் இடத்தில் உயிரே போயிருக்கும். ஜல்லி குவாரி. பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து, மேலே மண்ணைப் போட்டு மரக்கழியால் இடித்து அடைப்போமே, அதைத்தான் இங்கே சார்ஜ் என்பது. (இரும்புக் கம்பி அந்தப் பக்கமே வரக்கூடாது, பொறி பறந்தால் தொலைந்தோம்.) புதுசாகச் சேர்ந்த பையன் ஒருவன் நடுவில் நின்றிருந்தான். ஃபோர்மேன் மேலிருந்து, "சார்ஜ் ஆச்சாடா?" என்று கத்தினார். இவன் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, "ஃபுல்லுங்ணா!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சிவப்புக் கொடி ஏறிவிட்டது. சைரன் பொத்தானுக்கு ஃபோர்மேன் கை போகிறது. கடைசித் துளையில் இரண்டு பேர் இன்னும் குந்திக்கொண்டு மண்ணை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையில் மஞ்சள் துண்டு. அந்த மஞ்சள் மட்டும் என் கண்ணில் படாமல் இருந்திருந்தால்... நான் கத்திய கத்தலில் தொண்டையே கட்டிக்கொண்டது. இப்போது எங்கள் ஃபோர்மேன் "மருந்து அடைச்சாச்சா" என்றுதான் கேட்கிறார்.

அரூர் வாத்தியார்
என்னுடையது சின்னது. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறிய வாரம், தர்மபுரியிலிருந்து அரூர் போகிற வண்டி. கண்டக்டர், "பாட்டி, சார்ஜ் ஏறிடுச்சு" என்றார். பாட்டி, "ஏறிடுச்சா? அப்ப போனை வாங்கியாந்து குடு சாமி, பேரன்கிட்ட பேசணும்" என்றது. ஏறும்போதே டிரைவரிடம் போனைக் கொடுத்து வைத்திருந்ததாம்!

ஆனால் மேலே எழுதிய இருவரும் ஏதோ வேறு வேறு சொல்போலப் பேசுகிறீர்கள். எல்லாம் ஒரே வண்டிதான். லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. அதில் சுமை ஏற்றுவதைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆயிற்று. கார், கார்கோ எல்லாம் பங்காளிகள். துப்பாக்கியில் மருந்தை ஏற்றினாலும் சார்ஜ், ஒருவர் தலையில் பொறுப்பை ஏற்றினாலும் சார்ஜ், குற்றத்தை ஏற்றினாலும் சார்ஜ். பெஞ்சமின் பிராங்க்ளின் 1749-ல், மின்சாரத்தை ஏற்றிவைக்கும் லெய்டன் ஜாடிகளை ஒன்றோடொன்று இணைத்து, அதற்கு பீரங்கி வரிசையின் பெயரான 'பேட்டரி'யையே வைத்தார். ஆக, குவாரி மருந்துக்கும் போனுக்கும் உறவு உண்டு, அந்தப் பையனை ரொம்பத் திட்டாதீர்கள். அப்புறம், பிள்ளைகளுக்கு அகராதி வாங்கிக் கொடுங்கள். முதல் அர்த்தத்தைப் பார்த்ததும் மூடிவிடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள்.

ஓசூர் ஷிப்ட்
வாத்தியார் ஐயா, லத்தி சார்ஜில் யார் எந்த வண்டியில் எதை ஏற்றினார்கள்? அடி வாங்கியவன் முதுகில்தான் ஏறியிருக்கும். பையனுக்குப் பரிந்து பேசுகிறீர்கள், சரி. வெடி வைக்கிற இடத்தில் அவன் கையில் போன் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே?

எனக்கு நடந்தது ஒரு வரிதான். மின்சார ஸ்கூட்டர் வாங்கிய மாமா சர்வீஸுக்குப் போய், "சார்ஜ் நிக்கல" என்றார். "இன்-சார்ஜ் சாப்பிடப் போயிருக்காருங்க" என்று பதில் வந்தது.

ஒட்டப்பட்டி அண்ணாவுக்கு ஒன்று. 17(அ) சின்ன தண்டனைக்கு, 17(ஆ) பெரிய தண்டனைக்கு, அதில் விசாரணை அதிகாரி போடுவார்கள். ஆத்திரத்தில் அன்றைக்கே பதில் எழுதவே கூடாது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டிய ஆவணங்களின் நகலை முதலில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள். விளக்கத்தில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கட்டும். "நான் நேர்மையானவன்" என்று பக்கம் பக்கமாக எழுதினால் வேலைக்கு ஆகாது. என் சித்தப்பா அப்படி எழுதித்தான் இன்கிரிமென்ட் போனது.

ஒட்டப்பட்டிக்காரன்
தம்பி, அவர் விளக்கமெல்லாம் எப்போதோ கொடுத்துவிட்டார். நான் சொன்னது மைசூர்பாகு கதை.

பென்னாகரம் அக்கா
மாமியாருக்குக் காலில் ஆபரேஷன் நடந்து வார்டில் இருந்தோம். காலையில் சிஸ்டர் வந்து கட்டைப் பார்த்து, "டிஸ்சார்ஜ் இருக்கா?" என்று கேட்டார். புண்ணில் நீர் கசிகிறதா என்று அர்த்தம். மாமியார் சந்தோஷமாக, "இருக்குதும்மா, இன்னிக்கே இருக்குது" என்றார். நான் குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஃப்ளாஸ்க், போர்வை, தட்டு எல்லாம் கட்டைப்பைக்குள். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, செருப்பை எடுத்துப் போடச் சொல்லுகிறார். அந்தப் பக்கம் சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டு, புண்ணில் நீர் வருகிறதாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேரையும் நிறுத்திவைத்து விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

வாத்தியார் ஐயா, இந்த டிஸ்சார்ஜும் உங்கள் வண்டிதானா?

அரூர் வாத்தியார்
அதே வண்டிதான் அம்மா. அது ஏற்றுவது, இது இறக்குவது. லத்தி சார்ஜுக்கு இன்று இரவு எழுதுகிறேன், ஓசூர் தம்பி தூங்கிவிட வேண்டாம்.