ஆங்கில வாக்கியத்தில் 'இட்' எதைச் சுட்டுகிறது?

கேள்வி: 'இட் இஸ் டிஃபிகல்ட் டு கிராஸ் திஸ் ரோட்' என்னும் வாக்கியத்தில் 'இட்' என்பது சாலையைக் குறிக்கிறதா, கடப்பதைக் குறிக்கிறதா?

மறுமொழி: சாலையை அன்று. ஆங்கிலத்தில் எழுவாயின் இடம் காலியாக இருக்கலாகாது என்பதாலும், நீண்ட தொடர் பின்னால் வருவதையே அம்மொழி விரும்புவதாலும், உண்மையான எழுவாயாகிய 'டு கிராஸ் திஸ் ரோட்' கடைசிக்குப் போய்விட, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல 'இட்' முன்னால் அமர்கிறது.

மறுமொழி: 'திஸ் ரோட் இஸ் டிஃபிகல்ட் டு கிராஸ்' என்றும் எழுதலாம். ஆனால் 'பாசிபிள்' என்ற பெயரடைக்கு அந்த அமைப்பு பொருந்தாது. அங்கே 'இட்' கொண்டு தொடங்குவதே வழக்கம்.

மறுமொழி: மாணவர்கள் 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்' என்று எழுதுவதும், 'இட்'டை விட்டுவிட்டுச் செயலைச் செய்பவரையே எழுவாயாக்கிச் சறுக்குவதால்தான். 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம்' என்பதே சரி. 'கைண்ட்' போன்று ஒருவரது குணத்தைச் சொல்லும் பெயரடையாயின் 'ஃபார்' போய் 'ஆஃப்' வரும்: 'இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்'.