ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 12.5: நடுவில் எங்கே போகிறது?

இரண்டு நாளாக மல்டிமீட்டரும் கையுமாக அலைகிறேன், யாராவது வழி சொல்லுங்கள். வண்டி இன்ஜின் ஓடும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனையில் (மின்சாரம் வெளியே வரும் முனை) 14.3 வோல்ட், பேட்டரியில் வெறும் 12.5. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையை பி பிளஸ்ஸிலும் கறுப்பை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன்: நடுவில் 1.7 வோல்ட் இழப்பு! 0.3-க்குள் அடங்க வேண்டியது இல்லையா? ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1தான், ஆக எர்த்தில் குறையில்லை.

குழப்பம் இதுதான்: பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பிளஸ்ஸையும் இணைக்கும் கேபிளையும் மெயின் ஃபியூஸையும் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் மோடில்) பார்த்தால் மீட்டர் நன்றாக 'பீப்' அடிக்கிறது. ஃபியூஸ் போல்ட்டுக்கு அடியில் மட்டும் லேசாகப் பச்சை பூத்திருக்கிறது. அதைச் சுரண்டி முறுக்கினால் போதுமா, கேபிளையே மாற்றணுமா? மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.